லோகு பிரதர்ஸ்

கரண்ட் வர நேரமாகும் தம்பி, உக்காருங்க. இன்வெர்ட்டர்ல கம்ப்யூட்டர் மட்டும்தான் ஓடும், பிரிண்டிங் மிஷினை அது தாங்காது. அதுக்குள்ள டிசைனை முடிச்சு வச்சிருவோம். கரண்ட் வந்ததும் அடிச்சு, ஃபிரேம் போட்டுக் கையில குடுத்துர்றேன். சாயங்காலத்துக்குள்ள நாலு ரோட்டுல உங்க மாப்பிள்ளை சிரிச்சுக்கிட்டு நிப்பாரு.

கல்யாணம் உங்க ஃபிரண்டுக்குன்னுதானே சொன்னீங்க. போட்டோ எல்லாம் வாட்சப்புல வந்துருச்சு, பாத்தேன். மாப்பிள்ளை படம் பளிச்சுன்னு இருக்கு. பொண்ணு படம் கொஞ்சம் இருட்டு, அதை நான் சரி பண்ணிக்கிறேன். அப்புறம் இந்த ஃபிரண்ட்ஸ் படம், கீழ வரிசையாப் போடச் சொல்லி அனுப்பியிருக்கீங்களே, அது. அதைப் பத்தித்தான் உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்.

நீங்க எந்தப் பக்கம்? பைபாஸ் ஓரமா புதுசா வந்த நகரா. சரி சரி. அதான் உங்களுக்கு விஷயம் தெரியல. எங்க பேட்டைத் தெருக்காரனா இருந்தா இந்த ஊர்ல எவனும் முகம் போட்டு ஃபிளெக்ஸ் அடிக்கமாட்டான் இப்ப. மாப்பிள்ளை, பொண்ணு, மேல ஒரு பிள்ளையார். அவ்வளவுதான். நண்பர்கள் குழுன்னு வட்டம் வட்டமாத் தலையைப் போடுறதெல்லாம் போன வருஷத்தோட போச்சு. என் பொழப்புல பாதி அதோடயே போச்சு.

ஏன்னு கேளுங்க. சொல்றேன். நேரம் இருக்குல்ல.

லோகநாதன்னு ஒரு பையன். லோகு, லோகும்பாங்க. எங்க தெருதான். சின்ன வயசுல திருவிழாச் சண்டையில ஒருத்தனைக் கையில வெட்டிட்டான். தப்புத்தான், நான் இல்லேங்கல. உள்ள இருந்துட்டு வந்தான். வந்தப்புறம் குட்டியானை வண்டி ஒண்ணு வாங்கி லோடு அடிச்சுக்கிட்டு அவன் உண்டு அவன் வேலை உண்டுன்னு கெடந்தான். ஆனா ஸ்டேஷன்ல அவன் பேர்ல ரவுடி ஷீட்டு அப்படியேதான் இருந்துச்சு. அது போகாது தம்பி. மாசத்துக்கு ஒரு தடவை போலீஸ் வந்து கதவைத் தட்டி, இருக்கானான்னு பாத்துட்டுப் போவாங்க. அது அவங்க கடமை.

அவனுக்குக் கல்யாணம் கூடுச்சு. தெருப் பசங்கல்லாம் சேந்து என்கிட்ட வந்தானுக. அண்ணே, கெத்தா ஒரு ஃபிளெக்ஸ் போடுங்கண்ணே, ஊரே திரும்பிப் பாக்கணும்னானுக. எனக்கு அது போதும். நான் இந்தத் தொழிலுக்கு வர்றதுக்கு முன்னாடி சுவத்துல பெயிண்டுல எழுதிக்கிட்டு இருந்தவன். கை வேலை தெரிஞ்சவன். இப்ப இருக்கிற பயலுக மாதிரி நெட்டுல எடுத்து ஒட்டுற ஆள் இல்ல நான்.

நடுவுல லோகு, பக்கத்துல பொண்ணு. பின்னாடி ஒரு சிங்கம். கீழ பசங்க முகம் எல்லாம் வட்டத்துல. தலைப்பு என்ன போடன்னு கேட்டா ஒருத்தனுக்கும் சொல்லத் தெரியல. பேச்சு மட்டும் வாய் கிழியும், ரெண்டு வார்த்தை கேட்டா முழிப்பானுக. நான்தான் யோசிச்சு, கொட்டை எழுத்துல, தங்கக் கலர்ல, கீழ தீ எரியற மாதிரி போட்டேன். லோகு பிரதர்ஸ். பாத்ததும் பசங்க விசில் அடிச்சுட்டானுக.

அதுல ஒரு சின்னக் குறை. வட்டத்தை அடுக்குறப்போ வலது பக்கம் ஒரு வட்டம் காலியா நின்னுச்சு. இந்தப் பக்கம் ஒரு தலை ஜாஸ்தி, அந்தப் பக்கம் ஒண்ணு கம்மி. உங்களுக்கு அது தெரியாது, எனக்குக் கண்ணை உறுத்தும். பூ வச்சுப் பாத்தேன், நல்லா இல்ல. ஸ்டார் வச்சுப் பாத்தேன், அதுவும் எடுபடல. அப்பத்தான் கம்ப்யூட்டர்ல என் மகன் படம் இருக்கிறது ஞாபகம் வந்துச்சு.

நவநீதன். ஒரே மகன். வீட்டுல நவநீன்னுதான் கூப்பிடுவோம். சொன்ன சொல் தட்டமாட்டான், நிமிந்து பேசமாட்டான். போலீஸ் வேலைக்கு எழுதியிருந்தான் தம்பி. ஆமா, போலீஸுக்கே. பரீட்சை பாஸ், ஓட்டம் பாஸ், கயிறு ஏறுறது பாஸ். அதுக்கு அப்ளிகேஷன் போட எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம்தான் என்கிட்ட இருந்துச்சு. தெருவுல இருக்கிற பயலுக எல்லாம் நாலு ரோட்டுல ஜொலிக்கிறானுக, என் புள்ள மட்டும் என்ன கொறஞ்சு போயிட்டான்னு அந்த வட்டத்துல போட்டேன். எந்த அப்பனுக்கும் அந்த ஆசை இருக்கும்.

படம் அப்படியே போட்டா ஆட்டுக்குட்டி மாதிரி இருந்தான். அதனால ஒரு கூலிங் கிளாஸ் மாட்டினேன். மீசையைக் கொஞ்சம் இருட்டாக்கி ஓரத்துல முறுக்கிவிட்டேன். அப்ப நீங்க பாத்திருந்தா ஜம்முன்னு இருக்கான்னு சொல்லியிருப்பீங்க.

அவன் பாத்துட்டு வந்து என்ன சொன்னான் தெரியுமா. யாரைக் கேட்டுப்பா என் படத்தைப் போட்டீங்க, எடுத்துருங்கப்பான்னான். கூச்சம். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான், ஸ்கூல்ல டான்ஸுக்குக் கூப்பிட்டாக்கூட பாத்ரூம்ல போய் ஒளிஞ்சுக்குவான். கல்யாணம் முடியட்டும்டா, எடுத்துருவோம்னேன். கல்யாணம் முடிஞ்சுது. அப்புறம் எங்க எடுக்கிறது. யார் எடுக்கிறா இந்த ஊர்ல. அதுவும் அந்த இடத்துல அந்த வேலைப்பாடு. போற வர்றவங்க நின்னு பாத்தாங்க. கீழ ஓரத்துல என் கடை பேரு, அமுதா டிஜிட்டல்ஸ், போன் நம்பரோட. அதைப் பாத்து எனக்கு எத்தனை ஆர்டர் வந்துச்சுன்னு நினைக்கிறீங்க. எடுக்க மனசு வரல தம்பி.

ஃபிளெக்ஸ் அப்படியே நின்னுச்சு. அப்பத்தான் பக்கத்து ஊரு மார்க்கெட்டுல கமிஷன் மண்டி வச்சிருந்த ஒருத்தரை யாரோ வெட்டிப் போட்டுட்டாங்க. முதல் சந்தேகம் யார் மேல வரும், ரவுடி ஷீட்டு இருக்கிறவன் மேலதானே. லோகு அன்னைக்கு ஓசூருக்கு லோடு போயிருந்தான்னு சொன்னாங்க. ஆனா போலீஸ் தேடுதுன்னதும் பயந்துட்டான், போனை ஆஃப் பண்ணிட்டு எங்கயோ போயிட்டான். அவன் போனதும் அவன் ஆளுக யாருன்னு கேள்வி வந்துச்சு. அவனுக்கு ஏது ஆளுக. குட்டியானை ஓட்டுறவனுக்கு என்ன ஆளுக.

இன்ஸ்பெக்டர் ஐயா ஜீப்புல வந்தாரு. நாலு ரோட்டுல எறங்கினாரு. மேல பாத்தாரு. பாத்துட்டுச் சிரிச்சாராம். டீக்கடைக்காரரு சொன்னாரு. ரெண்டு போலீஸ்காரங்க ஏறி ஃபிளெக்ஸை அவுத்து, பாயைச் சுருட்டுற மாதிரி சுருட்டி ஜீப்புல போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க.

அதை ஸ்டேஷன்ல கொண்டுபோய்ச் சுவத்துல மாட்டிட்டாங்க தம்பி. நானே பாத்தேன். எங்க எல்லாரையும் வரச் சொன்னப்ப போனேன்ல. ஒரு வருஷம் வெயில்லயும் மழையிலயும் நின்ன ஃபிளெக்ஸ், கலர் கொஞ்சம்கூட மங்கல. அந்த இங்க் அப்படி. ஒவ்வொரு தலையைச் சுத்தியும் சிவப்பு ஸ்கெட்ச்சுல இன்னொரு வட்டம் போட்டு, பக்கத்துல பேரு, அப்பா பேரு, தெரு எழுதியிருந்தாங்க. லோகு பிரதர்ஸ்னு ஒரு கும்பல் இந்த வட்டாரத்துல இயங்கி வருதுன்னு ஐயா சத்தமாப் படிச்சாரு. பேரே போட்டுக்கிட்டுத் திரியறானுகன்னாரு. என் மகன் வட்டத்துக்கிட்ட வந்ததும் ஒரு நிமிஷம் நின்னு பாத்து, இவன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுன்னாரு.

கூலிங் கிளாஸ் நான் போட்டதுங்கய்யான்னு சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அந்த நேரத்துல அதெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா. பெரிய இடம். நம்ம எதையாவது சொல்லப் போய், அது வேற எதுலயாவது போய் முடியும்.

சட்டத்துல நூத்திப்பத்துன்னு ஒரு பிரிவு இருக்கு, கேள்விப்பட்டிருக்கீங்களா. நீங்க ஒண்ணும் செஞ்சிருக்க வேணாம். செய்வீங்கன்னு போலீஸுக்குத் தோணுனாப் போதும். ஆர்.டி.ஓ., அதான் கோட்டாட்சியர், ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போய், ஒரு வருஷத்துக்கு ஒழுங்கா இருப்பேன்னு பாண்டு எழுதி வாங்குவாங்க. மீறினா, மிச்சம் இருக்கிற மாசம் முழுக்க உள்ள. பசங்க அத்தனை பேருக்கும் எழுதி வாங்குனாங்க. நவநீக்கும். அவனுக்கு ஜாமீன் கையெழுத்து நான்தான் போட்டேன்.

வெளிய வந்ததும் ஐயா எல்லாரையும் வேப்பமரத்தடியில நிக்க வச்சுச் சொன்னாரு. இதுல இருக்கிற எவனும் இதுல இருக்கிற இன்னொருத்தன்கூட நின்னு பேசி நான் பாக்கக் கூடாது. டீக்கடையில, கோயில்ல, எங்கயும். ரெண்டு தலை சேந்து தெரிஞ்சுது, பாண்டு போச்சு. அப்படின்னாரு. இது பேப்பர்ல எழுதலையேன்னு ஒரு வக்கீல் என்கிட்ட அப்புறம் கேட்டாரு. எழுதினதைத்தான் கோர்ட்டுல காட்டிப் பேசிக்கலாமே. எழுதாததுக்குத்தானே தம்பி நம்ம பயப்படணும். அவருக்கு அது புரியல, படிச்சவரு.

கொலை பண்ணினது வேற யாரோன்னு ரெண்டே மாசத்துல தெரிஞ்சுபோச்சு. சொத்துத் தகராறு, சொந்தக்காரனே. லோகுவும் திரும்பி வந்துட்டான். ஆனா பாண்டு பாண்டுதான். அதை யாரும் கிழிச்சுப் போடல. நவநீ வேலைக்கு விசாரணை வந்துச்சு பாருங்க, நடத்தை எப்படின்னு, அது இதே ஸ்டேஷனுக்குத்தான் வந்துச்சு. விசாரிச்சு எழுதின ஏட்டையா நாற்காலிக்குப் பின்னாடிதான் அவன் படம் தொங்குது. வேலை போச்சு. நான் ஐயாவைக் குத்தம் சொல்லமாட்டேன். அவருக்கு என்ன தெரியும், சுவத்துல இருக்கிறதைத்தானே அவரு பாப்பாரு.

அந்த வருஷம் எங்க தெருவைப் பாத்திருக்கணும் நீங்க. பொறந்ததிலேருந்து ஒண்ணாத் திரிஞ்ச பசங்க, ஒருத்தன் எதுக்க வந்தா இன்னொருத்தன் சந்துக்குள்ள திரும்பிருவான். டீக்கடையில ஒருத்தன் உக்காந்தா அடுத்தவன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு காத்திருப்பான். தெரு அவ்வளவு அமைதி. நான்கூட முதல்ல, பரவாயில்லையே, சத்தம் இல்லாம இருக்கேன்னு நினைச்சேன். அப்புறம் அந்த அமைதியே ஒரு மாதிரி ஆயிருச்சு. மூணு வீடு தள்ளிக் கதவு சாத்துறதுகூடக் கேட்கும். யார் யாரைப் பாத்து ஐயாகிட்டச் சொல்லுவாங்கன்னு தெரியாது. எல்லாரும் சொன்னாங்க. சொன்னது யாருன்னு தெரியாமலே எல்லாரும் சொன்னாங்க.

நவநீ மாடி ரூம்ல இருந்துக்கிட்டான். நல்ல பையன், சொன்னதைக் கேட்டான். அவனுக்கு ஒரே கூட்டாளி பக்கத்து வீட்டு ஜெயசீலன்தான். எல்.கே.ஜி.யிலேருந்து. ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிட்டு வளந்தவங்க. அவனும் அந்த ஃபிளெக்ஸ்ல இருந்தான். மொட்டை மாடிக்கும் மொட்டை மாடிக்கும் நடுவுல இடுப்பொசரச் செவுருதான். அதுல சாஞ்சு பேசுவானுக முன்னாடியெல்லாம். நான் தகரம் வாங்கி அடைச்சுட்டேன். எவனாவது பாத்துச் சொன்னா என்ன ஆகும்.

மாசியில ஜெயசீலனோட அப்பா இறந்துட்டாரு. நவநீயைத் தூக்கி வளத்தவரு அவரு. சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுத்தவரு. சாவுன்னா போலீஸ் பாக்கமாட்டாங்கன்னு அமுதா, என் வீட்டுக்காரி, சொன்னா. பாப்பாங்கன்னேன். வந்தாங்கல்ல. தெரு முனையில மப்டியில ரெண்டு பேர் நின்னாங்க, என் கண்ணால பாத்தேன். இவன் மாடியில சட்டையை மாட்டிக்கிட்டு எறங்கக் கிளம்பினான். பாண்டு முடிய ஒரு மாசம்தான்டா இருக்குன்னேன். கேட்கிற மாதிரி தெரியல. நான் மாடிக் கதவை வெளிப்பக்கம் பூட்டிட்டேன்.

வேற என்ன செய்யச் சொல்றீங்க. அவன் தூக்கப் போயி, பாடைக்கு இந்தப் பக்கம் இவன், முன்னாடி ஜெயசீலன், பின்னாடி லோகு, அப்படியே ஃபிளெக்ஸ்ல இருந்த மாதிரியே வரிசையா. நினைச்சுப் பாருங்க.

கொஞ்ச நேரம் தட்டினான். அப்புறம் தட்டல. ஜன்னல்ல நின்னு பாத்தான். தூக்கிட்டுப் போறப்ப ஜெயசீலன் ஒரு தடவை மேல நிமிந்து பாத்தான். கொள்ளிச்சட்டி கையில. நான் கீழ வாசல்ல நின்னேன், என்னைப் பாக்கல. அவன் போனதும் நான் உள்ள வந்துட்டேன்.

மறுநாள் காலையில நவநீ எறங்கி வந்தான். முகம் எல்லாம் சாதாரணமாத்தான் இருந்துச்சு. சத்தம் போடல. என் எதுக்க நின்னு நிதானமாச் சொன்னான். அந்த ஃபிளெக்ஸ்ல கீழ உங்க கடை பேரும் போன் நம்பரும் இருக்குப்பா. அதுல நீங்களும் ஒரு ஆளுதான். ஐயா சொன்னபடி பாத்தா உங்ககூட நான் பேசக் கூடாது. பாண்டு மீறினதாயிரும்னான். அவ்வளவுதான். மேல போயிட்டான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அதை நான் யோசிக்கவே இல்ல பாருங்க. அவன் படிச்சவன், போலீஸ் பரீட்சைக்குச் சட்டமெல்லாம் படிச்சிருக்கான்ல, அவனுக்குப் பட்டிருக்கு. யோசிச்சுப் பாத்தா சரிதான். என் பேரும்தான் அதுல இருக்கு.

அன்னையிலேருந்து என்கிட்டப் பேசல. ஒரு வார்த்தை பேசல தம்பி. நான் கூடத்துல இருந்தா மாடியில சாப்பிடுவான். நான் படியேறினா ஓரமா நின்னுக்குவான், சுவத்தைப் பாத்துக்கிட்டு. அப்படி ஒரு கட்டுப்பாடு. காய்ச்சல்ல கெடந்தப்பக்கூட, நான் நெத்தியில கை வச்சேன், கண்ணை மூடிக்கிட்டான். சட்டத்தை இந்த அளவுக்கு மதிக்கிற பையனைப் போய்ப் போலீஸ்ல எடுக்காம விட்டுட்டாங்களேன்னு எனக்கு இன்னும் ஆறல. அமுதாகிட்டச் சொன்னேன் இதை. அவ, உங்களுக்கு நெசமாவே புரியலையான்னு கேட்டா. என்ன புரியணும்னேன். ஒண்ணும் இல்லைன்னு சோத்தைப் போட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அவளுக்குப் பாண்டு, சட்டம் அதெல்லாம் தெரியாது, பாவம்.

பங்குனியோட ஒரு வருஷம் முடிஞ்சுருச்சு. இப்ப ஆடி. பசங்க எல்லாரும் பழையபடி பேசிக்கிறானுக. நவநீகூட ஜெயசீலன்கிட்டப் பேசுறான், தகரத்தை அவனே பிரிச்சுப் போட்டான். என்கிட்ட மட்டும் இன்னும் பேசல. அப்ப என் பேரை மட்டும் ஐயா நீட்டிச்சிருப்பாரோன்னு எனக்கு ஒரு சந்தேகம். அவன்கிட்டத் தனியாச் சொல்லியிருப்பாரோ என்னவோ.

ஸ்டேஷனுக்குப் போய் ஐயாகிட்டயே கேட்டேன். என் மகன் என்கூடப் பேசலாமாய்யான்னு. அவரு என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. அப்புறம் உக்காரச் சொன்னாரு. என்னை உக்காரச் சொன்னாரு தம்பி. டீ வாங்கிட்டு வரச் சொன்னாரு. உன் கடைக்கு முகம் போட்டு எந்த ஃபிளெக்ஸ் வந்தாலும் ஒரு காப்பி எனக்கு அனுப்பு, பேரோட, அப்பா பேரோட. நான் பாத்துக்கிறேன், நேரம் வரும்போது உன் மகனைக் கூப்பிட்டு நானே சொல்றேன், அப்பன்கிட்டப் பேசுடான்னு. அப்படின்னாரு. வார்த்தை குடுத்திருக்காரு. பெரிய மனுஷன்.

ஏன் எந்திரிக்கிறீங்க. உக்காருங்க, டீ சொல்லியிருக்கேன்.

இல்ல தம்பி, இனிமே முகம் வேணாம்னு நீங்க இப்பச் சொல்றீங்க. நான்தானே முதல்லயே சொன்னேன், முகம் வேணாம்னு. உங்ககிட்ட நான் எதையாவது மறைச்சேனா. ஆனா படம் வந்துருச்சே. நீங்க உங்க போன்ல அழிச்சா இங்க அழியாது. நீங்க உள்ள நுழையறப்பவே நான் பெருசு பண்ணிப் பாத்துட்டேன். பெரும்பாலும் எல்லாம் புதுமுகம்தான், உத்தியோகம் பாக்கிற ஆளுக மாதிரி தெரியுது, ஒண்ணும் பயம் இல்ல. ஆனா இந்த ரெண்டாவது படத்துல ஜெயசீலன் நிக்கிறானே. உங்ககூடக் கம்பெனியில வேலை பாக்கிறானா. நல்ல பையன்தான், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அவன் இருக்கிற படம்னா ஐயா சும்மா பாத்துட்டு வைக்கமாட்டாரு. அவன்கூட யார் நிக்கிறாங்கன்னுதான் முதல்ல கேப்பாரு.

பயப்படாதீங்க. ஒரு வருஷம்தான். பாத்துக்கிட்டே இருக்கிறப்ப போயிரும். இதுவரைக்கும் எத்தனை பேர் படம் குடுத்துட்டேன், ஒருத்தரும் என்கிட்ட வந்து சண்டை போடல. கடைப் பக்கம் வர்றதில்ல, அவ்வளவுதான்.

எனக்கு வேற ஒண்ணும் வேணாம் தம்பி. அவன் மாடியிலேருந்து எறங்குறப்ப, என் முகத்தைப் பாத்து, அப்பான்னு ஒரு தடவை கூப்பிட்டாப் போதும். நீங்களும் ஒரு தகப்பனுக்குப் பொறந்த புள்ளதானே, உங்களுக்குத் தெரியாதா.

இந்தா, படத்தை இன்னும் கொஞ்சம் பெருசு பண்றேன், பாருங்க. ஜெயசீலன் தோள்ல கை போட்டுக்கிட்டு நிக்கிறது நீங்கதானே. உங்க பேரு என்னன்னு சொல்லுங்க. அப்பா பேரோட.